பூட்டின வீட்டுக்குள்ளே ஒரு பொருளாதார கிளாஸ்!

அடுத்த லாங் வீக்எண்டுக்கு என்ன ப்ளான் ஃப்ரெண்ட்ஸ்? ஊட்டி, கொடைக்கானல், பாண்டிச்சேரினு வழக்கமான லிஸ்ட்டைக் கொஞ்சம் ஓரமா வைங்க. எழும்பூர்ல பல்லவன் எக்ஸ்பிரஸ் ஏறினா கடைசி ஸ்டாப் காரைக்குடி. திருச்சியிலிருந்தோ மதுரையிலிருந்தோ வர்றவங்களுக்கு பஸ்ஸிலே ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. அங்கிருந்து டவுன் பஸ் பிடிச்சு கானாடுகாத்தான்ல இறங்குங்க.

இறங்கினதும் முதல்ல ஒரு குழப்பம் வரும். இது கிராமமா, நகரமா? தெருக்கள் ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி நேரா ஓடும். ரெண்டு பக்கமும் வீடுகள்... இல்லை இல்லை, அரண்மனைகள்! முன்வாசல் ஒரு தெருவுலே, பின்வாசல் அடுத்த தெருவுலே. மாடி முகப்புலே சுதையிலே செஞ்ச லட்சுமி, யானை, சில இடத்துலே துப்பாக்கி பிடிச்ச வெள்ளைக்கார சிப்பாய்கூட நிப்பார். எல்லாம் சரி, ஆட்களைத்தான் காணோம். பத்து வீட்டைத் தாண்டினா ஏழெட்டு கதவுலே பூட்டு தொங்குது.

இவ்வளவு காசு எங்கிருந்து வந்துச்சு? அப்புறம் எங்கே போச்சு? இந்த ரெண்டு கேள்வியைப் பையிலே போட்டுக்கிட்டு நடங்க. பி.காம் மூணு வருஷத்துலே கிடைக்காத ஒரு பாடம் இந்தத் தெருவுலே ஓசியிலே கிடைக்கும்.

வீடா... பேலன்ஸ் ஷீட்டா?

பார்வையாளர்களை உள்ளே விடுற வீடுகள் சில இருக்கு. ஆத்தங்குடியிலே இருக்கிற பெரிய வீடு அதுலே பிரபலம். டிக்கெட் வாங்கி, செருப்பைக் கழட்டிட்டு உள்ளே போங்க.

முதல்ல முகப்பு. அதுலே அகலமான திண்ணை. வியாபாரம் பேசுற இடம் இதுதான். கணக்குப்பிள்ளை, மேசைப்பெட்டி, பேரேடு எல்லாம் இங்கேயே. அதைத் தாண்டினா வளவு. நடுவிலே வானம் தெரியற முற்றம், சுத்தி வரிசையா தூண்கள், தூணுக்குப் பின்னாடி வரிசையா சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொரு மகனுக்கும் ஒரு அறை. கல்யாணம் ஆனதும் அவங்களுக்குத் தனி அடுப்பு, தனிக் கணக்கு. ஒரே கூரை, ஆனா செலவு அவங்கவங்க பொறுப்பு! கல்யாணமான ஒவ்வொரு ஆணையும் 'ஒரு புள்ளி'னு கணக்கு வெச்சாங்க. கோயில் வரிகூட புள்ளி கணக்குலேதான்.

இப்போ தலையைத் தூக்கிப் பாருங்க. தூண் பர்மா தேக்கு. தரையிலே இத்தாலி சலவைக்கல். சுவரிலே பெல்ஜியம் கண்ணாடி. சில வீட்டுலே ஜப்பான் ஓடு, இங்கிலாந்து இரும்புத் தூண். எந்தெந்த ஊரோட வியாபாரத் தொடர்பு இருந்துச்சுனு தெரிஞ்சுக்கணும்னா பேரேட்டைப் புரட்ட வேண்டாம், சுவரைப் பார்த்தாலே போதும். கையாலே சுவரைத் தடவிப் பாருங்க. சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய்னு கலந்து பூசினது. நூறு வருஷம் தாண்டியும் வழவழனு இருக்கும்.

கடல் தாண்டிப் போன காசு

இது மழையை நம்பி இருக்கிற வானம் பார்த்த பூமி. ஊருணியும் கண்மாயும்தான் தண்ணி. இங்கே உட்கார்ந்து விவசாயம் பண்ணி இந்த மாதிரி வீடு கட்ட முடியாது. அதனாலே நகரத்தார் சமூகம் வெளியே கிளம்பிச்சு. 'கொண்டு விற்கப் போறது'னு அதுக்குப் பேரு. இலங்கை, பினாங்கு, சிங்கப்பூர், சைகோன்... எல்லா ஊர்லேயும் கடை போட்டாங்க. கடைனா சாமான் விக்கிற கடை இல்லை. பணம் வாங்கி, பணம் கொடுக்கிற கடை. ஒரே கட்டடத்துலே பல கடை வரிசையா பெட்டி போட்டு உட்கார்ந்திருக்கும். அந்தக் கட்டடத்துக்குக் கிட்டங்கினு பேர்.

எல்லாத்தையும் தூக்கிச் சாப்பிட்டது பர்மா. 1852-ல் கீழ் பர்மாவை ஆங்கிலேயர் பிடிச்சாங்க. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்துச்சு. ஐரோப்பாவுக்கு அரிசி அனுப்புற செலவும் நேரமும் குறைஞ்சதும் ஐராவதி டெல்டாவிலே காட்டை அழிச்சு நெல் போட ஆரம்பிச்சாங்க பர்மிய விவசாயிகள். காட்டை வெட்ட, மாடு வாங்க, அறுவடை வரைக்கும் சாப்பிட... எல்லாத்துக்கும் பணம் வேணும். ஆங்கில வங்கிகள் சேத்துலே இறங்கி விவசாயிக்குக் கடன் கொடுக்கத் தயாரா இல்லை. செட்டியார் கடைகள் கொடுத்துச்சு. 1930 வாக்குலே பர்மாவிலே மட்டும் 1,600-க்கும் மேலே கடைகள்! அந்த நேரத்துலே அரசாங்கத்தோட வங்கி விசாரணைக் குழு போட்ட மதிப்பீடு, அங்கே சுழன்ற செட்டியார் முதலீடு சுமார் 75 கோடி ரூபாய். தங்கம் பவுன் 15 ரூபாய்க்கு அக்கம்பக்கம் வித்த காலத்து 75 கோடி!

எவ்வளவு கெட்டிக்காரங்க தெரியுமா?

'சும்மா பேராசைப்பட்டு மாட்டிக்கிட்டாங்க'னு நினைச்சுடாதீங்க. ரிஸ்க்னா என்னனு நல்லாத் தெரிஞ்சவங்க அவங்க.

பையன் பள்ளிக்கூடத்துலேயே மாகாணி, காணி, முந்திரினு பின்ன வாய்ப்பாட்டை மனப்பாடம் பண்ணிடுவான். முந்திரினா 320-ல் ஒரு பங்கு. கால்குலேட்டர் இல்லாத காலத்துலே வட்டியை இந்த அளவுக்கு நுணுக்கமா மனசுலேயே போடுவாங்க. பதின்மூணு பதினாலு வயசுலே கடையிலே எடுபிடி, அப்புறம் பெட்டியடி, அடுத்தாள், கடைசியிலே மேலாள் ஏஜென்ட். முதலாளி பையனா இருந்தாலும் அடுத்தவர் கடையிலே வேலை பார்த்துத்தான் கத்துக்கணும். பொதுவா மூணு வருஷம்தான் ஒரு ஏஜென்ட்டுக்கு. அப்புறம் கணக்கை அடுத்தவர்கிட்ட ஒப்படைச்சுட்டு ஊருக்குத் திரும்பணும். ஒரு ஆள் ஒரே நாற்காலியிலே வேர்விட்டா தப்பு நடக்கும்ங்கிறது அவங்க கணக்கு. இன்னிக்கு வங்கியிலே அதிகாரியை மூணு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துறாங்களே, அதே ஐடியா!

நடப்பு வட்டியை ரங்கூன் மொகல் தெருக் கோயில்லே மாசத்துக்கு ஒரு தடவை கூடிப் பேசி முடிவு பண்ணுவாங்க. ஒரு கடைக்கு அவசரமாப் பணம் வேணும்னா இன்னொரு கடை கொடுக்கும். பெண்களோட சீதனப் பணத்தையும் சும்மா தூங்க விடலை. ஆச்சிமார் பணம்னு தனிப் பேரேட்டுலே வட்டிக்கு ஓடும். கோயிலுக்கு மகமைனு ஒரு பங்கு எடுத்து வெப்பாங்க. அந்தப் பணமும் கடையிலே டெபாசிட்டா சுழலும்.

பல நாடு, பல கடை, பல பங்குதாரர், சுழற்சி முறையிலே ஏஜென்ட். ஃபைனான்ஸ் புத்தகத்துலே 'டைவர்சிஃபிகேஷன்'னு ஒரு சாப்டர் வருமே, அதை இவங்க புத்தகம் இல்லாமலே செஞ்சாங்க. அப்புறம் எப்படிக் கவிழ்ந்துச்சு?

1930: ஒரே வெள்ளம், எல்லா ஓடமும்!

பல நாட்டுலே கடை இருந்தாலும், பெரும் பணம் கிடந்த இடம் பர்மா. பர்மாவுக்குள்ளே பெரும்பகுதி ஒரே தொழிலை, அதாவது நெல்லை நம்பியிருந்த கடன். அந்தக் கடனுக்கு ஈடு, நெல் விளையற நிலம். 1,600 கடை, ஆயிரக்கணக்கான கடன்காரங்க, எக்கச்சக்க பத்திரம்னு பார்க்கும்போது ரிஸ்க் பரவி இருக்கிற மாதிரிதான் தெரியும். ஆனா, எல்லாக் கயிறும் ஒரே முளைக்குச்சியிலே கட்டியிருந்துச்சு.

1929-ல் நியூயார்க் பங்குச்சந்தை விழுந்துச்சு. உலகம் முழுக்க மந்தம். சில வருஷத்துலே பர்மா நெல் விலை பாதிக்கும் கீழே போயிடுச்சு. விவசாயியாலே அசலும் கட்ட முடியலை, வட்டியும் கட்ட முடியலை. அதே நேரம், செட்டியார் கடைகளுக்குக் கடன் கொடுத்திருந்த ஆங்கில வங்கிகள் கையை இறுக்கிக்கிட்டாங்க. அங்கே இவங்க கடன்காரங்க, இங்கே இவங்களுக்குக் கடன்காரங்க. ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துலே நெருக்குச்சு.

அப்போ என்ன ஆச்சு? ஈடா வெச்ச நிலம் கைக்கு வந்துச்சு. கீழ் பர்மாவோட 13 முக்கிய நெல் மாவட்டங்கள்லே 1930-ல் செட்டியார்கள் கையிலே இருந்த நிலம் 6 சதவீதம். 1937-ல் 25 சதவீதம். நாலுலே ஒரு பங்கு நிலம்!

'அடேயப்பா, பெரிய லாபம்தானே'ங்கிறீங்களா? இங்கேதான் நல்லாக் கவனிக்கணும். அவங்களுக்கு வேண்டியது பணம், நிலம் இல்லை. விலை விழுந்த நிலத்தை வாங்க ஆள் இல்லை. காரைக்குடியிலே உட்கார்ந்துக்கிட்டு ஐராவதி டெல்டாவிலே உழவும் முடியாது. சுத்திச் சுத்தி வந்த காசு அப்படியே மண்ணா உறைஞ்சு போச்சு. பேரேட்டுலே பணக்காரங்க, பெட்டியிலே காசு இல்லை.

இன்னொரு பக்கத்தையும் நாம பார்க்கணும். நிலத்தை இழந்தவன் காட்டை வெட்டி வயலாக்கின பர்மிய விவசாயி. தன் வயல்லேயே குத்தகைக்காரனா நிக்க வேண்டிய நிலைமை. 1930 டிசம்பர்லே சயா சான் தலைமையிலே விவசாயிகள் கிளர்ச்சி வெடிச்சுது. அரசாங்கம் அடக்கி, 1931-ல் அவரைத் தூக்கிலே போட்டுச்சு. வரியும் விலை வீழ்ச்சியும் ஆங்கில ஆட்சியும் காரணமா இருந்தாலும், கிராமத்து ஆள் கண்ணுக்குத் தெரிஞ்ச முகம் வட்டிக்கடை முகம்தான். கானாடுகாத்தான் தேக்குத் தூணைத் தொடும்போது இந்த விவசாயியையும் நினைச்சுக்கோங்க. அழகுக்குள்ளே இந்த வலியும் கலந்திருக்கு.

கடைசிப் பக்கங்கள்

1937 ஏப்ரல்லே பர்மா இந்தியாவிலே இருந்து நிர்வாக ரீதியாப் பிரிஞ்சுது. நேத்து வரைக்கும் ஒரே நாடு, இன்னிக்கு வெளிநாட்டுக்காரன். 1941 டிசம்பர் 23-ல் ரங்கூன்லே ஜப்பான் குண்டு விழுந்துச்சு. 1942 மார்ச்சுலே நகரமே வீழ்ந்துச்சு. லட்சக்கணக்கான இந்தியர்கள் கிளம்பினாங்க. கப்பல்லே இடம் கிடைக்காதவங்க காட்டையும் மலையையும் நடந்தே கடந்தாங்க. வழியிலேயே செத்தவங்க ஆயிரக்கணக்குலே. போர் முடிஞ்சு திரும்பிப் போய்ப் பார்க்கலாம்னு நம்பினவங்களுக்கு 1948-ல் சுதந்திர பர்மாவோட நில தேசியமயச் சட்டம் வந்துச்சு. 1962-ல் நே வின் ராணுவ ஆட்சி. 1963-ல் வங்கிகள் அரசுடைமை. போட்ட பணத்தோட ஒப்பிட்டா, பெரும்பாலானவங்க கைக்கு வந்தது சொல்லிக்கிற மாதிரி இல்லை.

காரைக்குடியிலே 'ஆயிரம் ஜன்னல் வீடு'னு ஒண்ணு இருக்கு. போட்டோ எடுக்காம யாரும் திரும்ப மாட்டாங்க. அதைக் கட்டினது 1941-லேனு சொல்றாங்க. அதே வருஷக் கடைசியிலேதான் ரங்கூன்லே குண்டு விழுந்துச்சு. வீட்டு வாசல்லே நின்னு அந்த வருஷத்தை ஒரு தடவை மனசுலே சொல்லிப் பாருங்க. எவ்வளவு பெரிய புத்திசாலிக்கும் அடுத்த வருஷம் என்ன நடக்கும்னு தெரியாதுங்கிறது அங்கேயே விளங்கிடும்.

தப்பிச்சவங்க என்ன பண்ணாங்க?

எல்லாருமே மூழ்கலை. பள்ளத்தூர் முருகப்பா குடும்பம் 1900-ல் பர்மாவோட மௌல்மீன்லே வட்டித் தொழிலை ஆரம்பிச்சது. 1930-களிலேயே, ஜப்பான்காரன் வர்றதுக்கு முன்னாடியே, சொத்தை இந்தியாவுக்கு நகர்த்திட்டாங்க. ஊர்லே வந்து தொழிற்சாலை பக்கம் திரும்பினாங்க. 1949-ல் ஆரம்பிச்ச டி.ஐ. சைக்கிள்ஸ் அவங்களோடதுதான். உங்க தாத்தா ஓட்டின ஹெர்குலஸ் சைக்கிளோட பூர்வகதை இதுதான் பாஸ்!

எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் வேறே வழி எடுத்தார். 1937 பிப்ரவரி 10-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை ஆரம்பிச்சார். ஒரே நாள்லே காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூணு இடத்துலேயும் கதவு திறந்துச்சு. குடும்பத்துப் பணத்தை மட்டும் நம்பி ஓடுற கடைக்குப் பதிலா பங்குதாரர்களும் சட்டதிட்டமும் உள்ள வங்கி.

மூணாவது ஆளைப் பார்க்க நீங்க எங்கேயும் தேடிப் போக வேண்டாம். காரைக்குடியிலே எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் பேர்தான். அழகப்பச் செட்டியார். துணி ஆலை, ரப்பர் தோட்டம், விமானம்னு தொழில் பண்ணினவர். 1947-ல் இங்கே கல்லூரி ஆரம்பிச்சார். மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடிக்கு வரணும்னு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-ல் திறந்தாங்க. சிக்ரினு சொல்வாங்களே, அதேதான். தன் வீட்டையே பெண்கள் கல்லூரிக்கு விட்டுட்டார் மனுஷன். 1957-ல் இறந்தார். அவர் போட்ட இந்த முதலீட்டை எந்த ராணுவமும் வந்து பிடுங்கலை. இன்னிக்கும் அந்த கேம்பஸ் வாசல்லே பேக்கை மாட்டிக்கிட்டு பசங்களும் பொண்ணுங்களும் இறங்கிக்கிட்டே இருக்காங்க.

முனீஸ்வரன் கோயில் தெருவுலே...

சாயங்காலம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போங்க. பழைய சாமான் கடைகள் வரிசை. செதுக்கின கதவு நிலை, மங்குத் தட்டு, பர்மா மரவை, பெட்டகம், யாரோ ஒரு ஆச்சியும் ஐயாவும் கல்யாணத்தன்னிக்கு எடுத்துக்கிட்ட கறுப்பு வெள்ளை போட்டோகூட இருக்கும். கையிலே எடுத்துப் பாருங்க, மனசு என்னவோ பண்ணும்.

ஏன் விக்கிறாங்க? கணக்கு சிம்பிள். தாத்தா காலத்துலே ஒரு வீட்டுக்கு ஒரு உரிமையாளர். மூணு நாலு தலைமுறை தாண்டினா அதே வீட்டுக்கு அம்பது, அறுபது பங்காளிங்க. ஒருத்தர் சென்னை, ஒருத்தர் சிங்கப்பூர், ஒருத்தர் அமெரிக்கா. ஓடு மாத்தணும்னா லட்சக்கணக்குலே செலவு. விக்கணும்னா அத்தனை பேரும் கையெழுத்துப் போடணும். உலகத்துலேயே விலை மதிப்பு அதிகம், ஆனா அவசரத்துக்குக் காசாகாத சொத்து! சில குடும்பங்கள் கதவைக் கழட்டி வித்துட்டாங்க. சில குடும்பங்கள் ஹோட்டலா மாத்தி வீட்டைக் காப்பாத்தினாங்க. சிலர் வருஷா வருஷம் பொங்கலுக்கும் படைப்புக்கும் மட்டும் வந்து கதவைத் திறந்து விளக்கேத்திட்டுப் போறாங்க. 2014-ல் செட்டிநாட்டு கிராமங்கள் யுனெஸ்கோவோட தற்காலிகப் பட்டியல்லே இடம் பிடிச்சுது. நல்ல விஷயம்தான், ஆனா, ஒழுகுற ஓட்டை யுனெஸ்கோ வந்து மாத்தாது.

இதெல்லாம் நமக்கு எதுக்கு?

'நம்ம வீட்டுலே 75 கோடியா இருக்கு?'னு சிரிக்கிறது கேக்குது. இருக்கட்டும். உங்க ஹாஸ்டல் ரூம்லேயே யாராவது ஒருத்தர் மொபைல்லே டிமேட் அக்கவுண்ட் திறந்து ஆப்ஷன் ட்ரேடிங் பண்ணிக்கிட்டு இருப்பார், இல்லையா? 2024 செப்டம்பர்லே செபி ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு. 2021-22 முதல் 2023-24 வரைக்கும் மூணு நிதியாண்டுலே எஃப் அண்ட் ஓ வியாபாரம் பண்ணின தனிநபர்கள்லே 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேலே போச்சு. முந்திரிக் கணக்கு வரைக்கும் மனசுலே போட்டவங்களே தடுமாறின ஆட்டம் இது. நாம ரெண்டு யூ-டியூப் வீடியோ பார்த்துட்டு இறங்குறோம்!

இந்தத் தெருவிலே நடந்துட்டுத் திரும்பும்போது நாலு கேள்வி உங்களோடவே வரட்டும். ஒண்ணு, பத்து இடத்துலே போட்டிருந்தாலும் பத்தும் ஒரே காரணத்தாலே விழுமா? ரெண்டு, போட்டது சொந்தக் காசா, கடன் காசா? மூணு, நாளைக்குக் காலையிலே வேணும்னா அது பணமாக் கைக்கு வருமா? நாலு, இந்த லாபத்தாலே நிலம் இழக்கிறவன் யாராவது இருக்கானா? 1929-ல் எந்தப் பேரேட்டுலேயும் இந்த நாலு கேள்விக்கும் பத்தி ஒதுக்கலை.

கிளம்புறதுக்கு முன்னாடி...

மார்ச் முதல் ஜூன் வரைக்கும் வெயில் மண்டையைப் பிளக்கும். டிசம்பர், ஜனவரி சுகம். ஆத்தங்குடியிலே தரை ஓடு செய்யறதைப் பார்க்காம வந்துடாதீங்க. கண்ணாடித் தகடு மேலே அச்சை வெச்சு, வண்ணத்தை ஊத்தி, மேலே மணலும் சிமெண்ட்டும் போட்டு, அடுப்பே இல்லாம ஓடு செய்யறாங்க. தண்ணியிலே ஊறி, நிழல்லே காஞ்சு வந்ததும் கண்ணாடி மாதிரி மின்னும். பக்கத்துலேயே பிள்ளையார்பட்டி, இளையாத்தங்குடி மாதிரி நகரக் கோயில்கள். குடும்பங்களோட ஆஸ்தி எங்கெங்கேயோ கரைஞ்ச பிறகும் இந்தக் கோயில்கள்லே விளக்கு அணையலை.

பூட்டின வீட்டுத் திண்ணையிலே உட்கார்ந்து சத்தம் போடாதீங்க. ஆள் இருக்கிற வீடா இருந்தா, 'ஆச்சி, உள்ளே பார்க்கலாமா?'னு மரியாதையாக் கேளுங்க. பல வீட்டுலே சிரிச்ச முகத்தோட 'வாங்க தம்பி'ம்பாங்க. முடியாதுனு சொன்னா வணக்கம் சொல்லிட்டு நகர்ந்துடுங்க.

மத்தியானம் மெஸ்லே சாப்பாடு. கடைசியா ஒரு கிண்ணம் கவுனி அரிசி கேட்டு வாங்குங்க. கறுப்பு அரிசியை வேக வெச்சு, சர்க்கரையும் தேங்காய்ப் பூவும் நெய்யும் சேர்த்துத் தருவாங்க. அந்த அரிசி பர்மாவிலேருந்து வந்ததுனு சொல்லுவாங்க. நிலம் போச்சு, கடை போச்சு, பத்திரம் எல்லாம் பழைய பேப்பரா ஆச்சு. ஐராவதிக் கரையிலேருந்து வந்து இன்னும் இந்த ஊர் அடுப்படியை விட்டுப் போகாம இருக்கிறது இந்த ஒரு கிண்ணம்தான். நிதானமா ருசிச்சுச் சாப்பிடுங்க!